பழைய ஃப்ளாட்டில் பாத்ரூமைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? இடிப்பதற்கு முன் படியுங்கள்

எங்கள் ஃப்ளாட் சென்னை நங்கநல்லூரில் இருக்கிறது. 1991-இல் கட்டியது. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். நாங்கள் இரண்டாவது மாடி. படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம் ஏழு அடிக்கு ஐந்து அடி. நாலு அடி உயரம் வரை வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் உரிந்துகொண்டிருந்த டிஸ்டெம்பர், மொசைக் தரை, கீழ்ப்பக்கம் உளுத்துப்போன மரக்கதவு. இந்த ஒரே பாத்ரூமை ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை இடித்தோம்.

முதல் முறை வந்தவர், “பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டிடலாம் சார், எட்டே நாள்” என்றார். 70,000 ரூபாயில் பளபளவென்று முடித்துக் கொடுத்தார். மூன்றாவது மாதம் கீழ்வீட்டு மாமி கூப்பிட்டார்கள். “கொஞ்சம் வந்து பாருங்கோ” என்று தன் பாத்ரூம் கூரையைக் காட்டினார்கள். தட்டு அளவுக்கு ஈரம், ஓரமெல்லாம் உப்புப் பூத்து, நடுவில் ஒரு சொட்டு திரண்டு நின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாளியில் விழுந்தது. அவர்களுக்கு 70 வயது. நாலு நாளாக அந்த வாளியை எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் கேட்டு, பக்கத்திலேயே நின்று செய்தோம். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் பேச்சும் காகிதமும்

சுவரை எடுக்காமல், கட்டட அமைப்பைத் தொடாமல் உள்ளுக்குள் செய்யும் மராமத்துக்கு மாநகராட்சித் திட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஃப்ளாட் அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் கட்டாயம் கொடுங்கள். என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணிக்கு இடிப்பு, குப்பை மூட்டைகளை எங்கே அடுக்குவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று எழுதி, செயலாளரிடம் நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் யாராவது வேலையை நிறுத்தச் சொன்னால் மேஸ்திரி காட்டுவதற்கு அந்தக் காகிதம்தான் இருக்கும்.

அடுத்து கீழ்வீட்டுக்குப் போங்கள். அவர்கள் பாத்ரூம் கூரையை, சுவர் மூலைகளை, குழாய் இறங்கும் இடத்தை வேலைக்கு முன்பே போட்டோ எடுத்து அவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய ஈரம் எது, புது ஈரம் எது என்ற வாக்குவாதமே பிறகு வராது.

மொட்டைமாடியில் உங்கள் பாத்ரூமுக்கு வரும் லைனின் கேட் வால்வையும் திருகிப் பாருங்கள். முப்பது வருட வால்வு பாதிக்கு மேல் மூடாது. எங்களுடையது மூடவில்லை என்று இடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது. ஆறு வீட்டுக்கும் அரை நாள் தண்ணீர் நின்றது. முதலிலேயே அதைக் கழற்றிவிட்டு பால் வால்வு (ball valve, கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடும் வகை) போட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தை வெள்ளைத்தாளிலாவது எழுதுங்கள். பொருளையும் சேர்த்தா, கூலி மட்டுமா? குப்பையை இறக்குவது யார்? மணல் மூட்டையை மேலே ஏற்றும் கூலி யாருடையது? நாங்கள் பணத்தை இப்படிப் பிரித்தோம்: ஆரம்பத்தில் 20 சதவீதம், குழாய் அழுத்தச் சோதனை தேறியதும் 25, தண்ணீர் கட்டிப் பார்த்து ஒழுகவில்லை என்றானதும் 25, டைல்ஸ் முடிந்ததும் 20, கடைசி 10 சதவீதம் ஒரு மாதம் கழித்து. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். முதல் முறை டைல்ஸ் ஒட்டும்போதே மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். மாமி வீட்டில் சொட்டியபோது அந்த வேலைக்காரர் போனையே எடுக்கவில்லை.

2. எந்த மாதம்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். சுவர் காயாது, எம்-சாண்ட் நனைந்தே வந்து இறங்கும். ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஆட்கள் திரும்பி வர பத்து நாளாவது ஆகும். நாங்கள் இரண்டாவது முறை பிப்ரவரி முதல் வாரம் ஆரம்பித்தோம். 27 நாள் ஆயிற்று. எட்டு நாளில் முடிப்பதாக யாராவது சொன்னால், காய வேண்டிய நாட்களை விழுங்கிவிடப் போகிறார் என்று பொருள்.

இந்த ஒரு மாதமும் வீட்டில் இன்னொரு கழிப்பறை வேலை செய்ய வேண்டும். ஒரே பாத்ரூம்தான், வீட்டில் வயதானவர்களும் இருக்கிறார்கள் என்றால் அவர்களை உறவினர் வீட்டில் விடுவதற்கு இப்போதே பேசிவையுங்கள்.

3. கிளாசெட், டைவர்ட்டர், டைல்ஸ்: குழாய் வேலைக்கு முன்பே வாங்குங்கள்

டைவர்ட்டர் என்பது தண்ணீரை ஷவருக்கோ வாளிக் குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் பதிக்கும் வால்வு. பலரும் குழாய் போட்ட பிறகு கடைக்குப் போகிறார்கள். தப்பு. தரையில் உட்காரும் எஸ்-டிராப் (கழிவு தரை வழியாக இறங்கும் வகை) வெஸ்டர்ன் கிளாசெட்டில், சுவரிலிருந்து மலக்குழாயின் மையம் வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும். 9 அங்குலத்திலும் வரும், 12 அங்குலத்திலும் வரும். இந்தத் தூரத்தை டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து அளக்க வேண்டும். டைலும் அதன் பின்னால் உள்ள கலவையும் சேர்ந்து ஒரு அங்குலம் தின்றுவிடும். செங்கல் சுவரிலிருந்து 9 அங்குலம் அளந்து குழாயை இறக்கினால் கடைசி நாளில் கிளாசெட்டின் தொட்டி சுவரில் இடிக்கும்.

ஷவர் வாங்குமுன் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் ஒரு பார் அழுத்தம் தரும். எங்கள் ஷவருக்கும் மேலே தொட்டித் தண்ணீருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடிதான், அதாவது 0.3 பார் சொச்சம். கடையில் அந்தப் பெரிய மழை ஷவர் கொட்டியது மோட்டார் வைத்த அழுத்தத்தில். எங்கள் வீட்டில் அது நடுவில் மட்டும் நூல் நூலாக ஒழுகியது. மேல்மாடிக்காரர்கள் அழுத்தம் குறைவாக இருந்தாலும் ஓடக்கூடிய சாதாரண சிறிய ஷவரையும் வால் மிக்ஸரையும் (சுவரில் பொருத்தி வெந்நீரையும் குளிர்நீரையும் கலக்கும் குழாய்) வாங்குங்கள், அல்லது பிரஷர் பம்ப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டைல்ஸ் கணக்கு: ஏழுக்கு ஐந்து அறையின் சுற்றளவு 24 அடி. ஏழு அடி உயரம் என்றால் 168 சதுர அடி, கதவைக் கழித்தால் சுமார் 150. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 165. தரைக்கு 35-உடன் சேதம் சேர்த்து 39. சுவருக்கு 2 அடிக்கு 1 அடி, தரைக்கு 1 அடிக்கு 1 அடி. சின்ன தரையில் பெரிய டைல் போட்டால் வாட்டம் சரியாக வராது. தரை டைல் மேட் ஃபினிஷாக, வழுக்காததாக இருக்க வேண்டும். ஆர்10, ஆர்11 என்று குறியிருப்பதைக் கேளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடு எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். குறைந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கீசரும் டைவர்ட்டரும் பழுதானால் வாரண்டிக்கு அந்தப் பில்லைத்தான் முதலில் கேட்பார்கள்.

4. இடிப்பு

பழைய ஃப்ளாட்டுகளில் பாத்ரூம் தளம் சுமார் ஒரு அடி இறக்கிப் போட்டிருக்கும். ஆட்கள் இதை ‘சங்கன்’ என்பார்கள். அந்தப் பள்ளத்தில் செங்கல் உடைசலை நிரப்பி மேலே மொசைக் போட்டிருப்பார்கள். எங்களுடையதைத் தோண்டியபோது அடியில் இருந்த செங்கல் துண்டுகள் பிழிந்தால் தண்ணீர் வரும்போல ஊறிக் கிடந்தன, சாக்கடை நாற்றத்தோடு. மாமி வீட்டுக் கூரையில் சொட்டியது பல வருடமாக இந்தப் பள்ளத்தில் தேங்கி நின்ற தண்ணீர்தான். பழைய டைல்ஸ் மேல் புதிதை ஒட்டியதில் அதற்கு ஒரு மூடி போட்டோம், அவ்வளவுதான். அதனால் பாதி இடிப்பு வேண்டவே வேண்டாம். சங்கன் அடி வரை தோண்டுங்கள். சுவரில் பூச்சையும் எடுத்துச் செங்கல் தெரியட்டும்.

ஏழுக்கு ஐந்து அறையில் சிமென்ட் சாக்கில் நூறு மூட்டை வரை குப்பை வந்தது. மொத்தமாகப் பேசாதீர்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். நாங்கள் இரண்டு மாடி இறக்க மூட்டைக்கு 40 ரூபாய் கொடுத்தோம். தெருவோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும்; 1913-க்கு அழைத்துக் கட்டடக் கழிவை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இதை அரைத்து மறுபயன்பாட்டுக்கு மாற்றும் ஆலைகள் இருக்கின்றன.

5. குழாயும் வயரும்

சுவருக்குள் இருந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை பிளம்பர் வெட்டிக் கையில் கொடுத்தார். அரை அங்குலக் குழாய். உள்ளே துருவும் உப்பும் படிந்து பென்சில் நுழையும் அளவுதான் துளை மிச்சம். அதில் ஒரு பகுதியையும் விட்டுவைக்காதீர்கள். வெந்நீருக்கு சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்), குளிர்நீருக்கும் அதையே போட்டுவிடலாம், விலை வித்தியாசம் பெரிதில்லை. சிபிவிசிக்கு உரிய பசையையே வாங்கச் சொல்லுங்கள், பிவிசிக்கு வைத்திருக்கும் டப்பாவை எடுத்துத் தடவ விடாதீர்கள்.

உயரங்களை, டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும். இதில்தான் முதல் முறை ஏமாந்தோம். பழைய தரையிலிருந்து அளந்து குழாய் வைத்தார்கள். தரை மூன்று அங்குலம் ஏறியதும் 25 லிட்டர் வாளி குழாய்க்குக் கீழே நுழையவில்லை. வேலை ஆரம்பிக்கும் அன்றே, முடிந்த தரை எங்கே வரும் என்று முடிவு செய்து, அதிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நான்கு சுவரிலும் ரசமட்டம் வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்து அளக்கட்டும். நாங்கள் வைத்தது: வாளிக் குழாய் 24 அங்குலம், பேசின் மேல்விளிம்பு 32 அங்குலம், டைவர்ட்டர் மூன்றரை அடி, ஷவர் ஏழு அடிக்குச் சற்றுக் கீழே. டைவர்ட்டரின் உடல் சுவருக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். டைல் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கழிவுநீருக்கு நஹானி டிராப்பை (தரைத் தண்ணீர் இறங்கும், நாற்றம் மேலே வராமல் தடுக்கும் வாய்) புதிதாகப் போடுங்கள். சங்கன் அடியில் கசியும் நீர் வெளியேற ஒரு சிறிய குழாயைத் தனியாக விடச் சொல்லுங்கள், கேட்டால்தான் செய்வார்கள்.

குழாய் ஒட்டி ஒரு நாள் கழித்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு எல்போவில் (குழாய் திரும்பும் இணைப்பு) வியர்த்தது. பூசிய பிறகு வியர்த்திருந்தால் டைல்ஸோடு உடைத்திருப்போம்.

சுவர் திறந்திருக்கும்போதே மின்வேலையையும் முடிக்க வேண்டும். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பழைய விளக்கு லைனிலிருந்து அதற்கு இணைப்பு எடுக்கக் கூடாது. மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் பாயிண்ட், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. பழைய ஃப்ளாட்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாவிட்டால் இப்போதே போடுங்கள். ஈரக்கையோடு நிற்கும் இடம் இது, இதில் மட்டும் ஆயிரம் ரூபாயைக் கூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

பூசுவதற்கு முன் நான்கு சுவரையும் தரையையும் டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள். பிறகு கண்ணாடிக்கு ஆணி அடிக்கும்போது எங்கே குழாய் போகிறது என்று அந்தப் போட்டோதான் சொல்லும்.

6. வாட்டர்ப்ரூஃபிங்: இங்கே அவசரப்படவே கூடாது

சங்கன் அடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியில்லாமல் பெருக்கிக் கழுவ வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையைச் சிமென்டால் வளைவாக உருட்டிப் பூச வேண்டும். குழாய் தளத்தையோ சுவரையோ துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் (அடைப்புக் கலவை) வைத்து அடைக்க வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் நடுத்தரையில் வருவதில்லை. குழாய் ஓரத்திலும் மூலையிலும்தான் வரும்.

பூச்சு, பொடியும் பால்போன்ற திரவமும் கலந்து அடிப்பது. முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்காக. இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு நீங்களே கூட நில்லுங்கள். கலவையில் தண்ணீர் ஊற்றி நீட்டுவதை என் கண்ணால் பார்த்துத் தடுத்தேன். சுவரில் நாலு அடி வரை, ஷவர் பக்கம் ஆறு அடிக்கு மேலும் ஏற்றுங்கள்.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் கழிவு வாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டுங்கள். சங்கனில் அரை அடி உயரம், மூன்று முழு நாள். சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்துக் குறியிடுங்கள். வெயில் நாளில் தண்ணீர் தானாகவே கொஞ்சம் ஆவியாகும். வாளியில் எவ்வளவு குறைந்ததோ அதே அளவு சங்கனிலும் குறைந்தால் பயமில்லை. சங்கனில் மட்டும் அதிகமாகக் குறைந்தால் எங்கோ போகிறது. தினமும் காலையும் மாலையும் கீழ்வீட்டுக்குப் போய்க் கூரையைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

“ஒரு ராத்திரி போதும் சார், டைல்ஸ் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கான்” என்று மேஸ்திரி சொல்வார். அந்த ஆளுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தாவது உட்கார வையுங்கள். எங்களுக்கு இரண்டாவது நாள் மாலைதான் மலக்குழாய் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. தண்ணீரை இறைத்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி அடைத்து, இரண்டு கோட் அடித்து, மறுபடி மூன்று நாள் கட்டினோம்.

பிறகு சங்கனை நிரப்பும்போது பழைய செங்கல் உடைசலையே திரும்பக் கொட்ட விடாதீர்கள். எடை குறைந்த ஏஏசி பிளாக் துண்டுகள் நல்லது. மேலே வாட்டத்தோடு கான்கிரீட் போட்டு, அதன் மேலும் இரண்டு கோட் அடித்து, இன்னொரு இரண்டு நாள் தண்ணீர் கட்டுங்கள்.

7. வாட்டமும் டைல்ஸும்

ஒரு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். படுக்கையறைத் தரையைவிடப் பாத்ரூம் தரை அரை அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கதவோரம் ஊற்றுங்கள். எங்கும் நிற்காமல் டிராப்புக்குப் போக வேண்டும்.

தண்ணீர் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலைச் சிமென்ட் பாலில் ஒட்டினால் பிடிக்காது. டைல் அட்ஹெசிவ் வாங்குங்கள். அதையும் நாலு மூலையில் உருண்டையாக வைக்க விடாதீர்கள், பல் கரண்டியால் முழுக்கப் பரப்ப வேண்டும். மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் அன்றே கழற்றி ஒட்டச் சொல்லுங்கள். இடைவெளிக்கு ஸ்பேசர் வைத்து, தரைக்கு எபாக்ஸி கிரவுட் போட்டால் போர் தண்ணீர் உப்பில் கறுக்காது.

8. கடைசிப் பொருத்தல்

மரக்கதவு வேண்டாம். டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது எஃப்ஆர்பி (ஃபைபர்) கதவு. கீழே அரை அங்குல இடைவெளி. வயதானவர்கள் இருந்தால் கிளாசெட் பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் கைப்பிடி வையுங்கள், ஓட்டை போடும் முன் அந்தக் குழாய்ப் போட்டோவைப் பாருங்கள். சிலிகான் அடித்த இடத்தில் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது.

9. எங்களுக்கு ஆன செலவு

இடிப்பும் குப்பையும் 14,000. குழாய்ப் பொருளும் கூலியும் 32,000. வாட்டர்ப்ரூஃபிங் 18,000. சிமென்ட், மணல், சங்கன் நிரப்ப 9,000. டைல்ஸ் 11,800, அட்ஹெசிவும் கிரவுட்டும் 6,500, ஒட்டும் கூலி 10,200. கிளாசெட், பேசின், மிக்ஸர், ஷவர் எல்லாம் சேர்த்து 33,500. கீசர் 9,000, மின்வேலை 8,500, கதவு 7,500, எக்ஸாஸ்ட் ஃபேனும் கண்ணாடியும் சில்லறையும் 6,800. மாமி வீட்டுக் கூரையைச் சரிசெய்ய 3,500. மொத்தம் 1,70,300 ரூபாய். முதல் முறை போன 70,000 இதில் இல்லை. உங்கள் ஊரில் கூலி மாறும், ஆனால் போட்ட கணக்குக்கு மேல் 15 சதவீதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாடி வால்வு போல ஏதாவது ஒன்று வரும்.

பில்கள், வாரண்டி அட்டைகள், குழாய்ப் போட்டோக்களின் பிரதி, டைல்ஸ் பெட்டியில் பேட்ச் எண் இருக்கும் அட்டைத் துண்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போடுங்கள். சுவர் டைல் நாலும் தரை டைல் நாலும் பரணில் இருக்கட்டும்.

கீழ்வீட்டுக் கூரைக்கு உடனே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். ஊறிய கான்கிரீட் காய நாளாகும். ஈரத்தின் மேல் அடித்தால் கொப்பளித்து உரியும். நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்து, உப்பைச் சுரண்டி, புட்டி வைத்து, ஏப்ரல் கடைசியில் மாமி சொன்ன நிறத்திலேயே அடித்துக் கொடுத்தோம்.